ஒரு வாய்த் தண்ணீர்

பேருந்து நடத்துனராக இருந்த காலத்திலேயே அவளுக்கு விசிலக்கா என்று பெயர் விழுந்துவிட்டது. குடித்துவிட்டு ஏறுபவனை முறைத்தே இறக்கிவிடுவாள். ஓய்வு பெற்ற மறு வருடம் பக்கவாதம் வந்தது. கையும் காலும் மெல்லத் தேறின, தொண்டை தேறவில்லை. தண்ணீர் குடித்தால் புரையேறியது. ஒருமுறை அது நுரையீரலுக்குள் இறங்கி, காய்ச்சல் கண்டு, உயிர் போய் வந்தது.

இனி தண்ணீரைக் கெட்டியாக்கித்தான் குடிக்க வேண்டும் என்றார்கள். மருத்துவமனையில் கொடுத்த மாவைக் கலந்தால் சுவரொட்டி ஒட்டும் பசை மாதிரி இருந்தது. அக்கா அதைத் தொட மறுத்தாள். உதடு வெடித்தது, உடம்பு வற்றியது.

"மூக்கு வழியா குழாய் போட்டுக்கலாம்மா. எத்தனை பேர் போட்டுக்கறாங்க," என்றாள் மகள்.

"எனக்கு வாய் இருக்கு. இப்ப உன்கூட சண்டை போடுதே, அது வாயில்லாம வேற என்ன?"

தையல்காரரான அக்காவின் கணவர் மலச்சிக்கலுக்காக ஆளி விதை ஊறவைப்பார். ஒரு நாள் அந்தக் கிண்ணத்தைக் கழுவப் போன அக்கா, விரலில் வழுக்கிய தண்ணீரைப் பார்த்து நின்றுவிட்டாள். நூல் போல இழுபட்டது. நக்கிப் பார்த்தால் ருசியே இல்லை.

அன்றிலிருந்து அடுப்படி அவள் கைக்குப் போனது. பச்சைத் தண்ணீரில் ஊறவைத்தால் கொழகொழப்பு போதவில்லை. கொதிக்கவைத்தால் நிறைய வந்தது. ஆனால் பழுப்பு நிறம், எண்ணெய் வாடை. மிக்ஸியில் அடித்தால் விதை உடைந்து கசந்தது. கடைசியில் கை பொறுக்கும் சூட்டில் வைத்து, விதையோடு விதை உரசும்படி கரண்டியால் விடாமல் கிளறினாள். தெளிவாக இறங்கியது. ஆறினால் வடிகட்டி அடைத்துக்கொள்ளும் என்று சூட்டோடு மெல்லிய துணியில் பிழிந்தாள்.

"அடியே, அது லைனிங் துணி!" என்று கணவர் அலறினார்.

"லைனிங் இல்லாம யாரும் செத்துட மாட்டாங்க."

விழுங்கப் பயிற்சி கொடுக்க வரும் பெண் அதைப் பார்த்துப் பாராட்டவில்லை.

"இன்னைக்கு இது சரியான பதத்துல இருக்குக்கா. நாளைக்கு நீர்த்துப் போச்சுன்னா? மறுபடி நுரையீரல்தான். நான் சொல்றவரைக்கும் குடிக்காதீங்க."

அக்காவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனாலும் கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள். "சரி, ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி வரவைக்கறேன். எப்படிப் பார்க்கணும்னு சொல்லிக்கொடு," என்றாள்.

ஊசி இல்லாத சிரிஞ்சில் நிரப்பி, பத்து நொடி ஒழுகவிட்டு, எவ்வளவு மிஞ்சுகிறது என்று பார்க்க அந்தப் பெண் கற்றுக்கொடுத்தாள். விதையையும் தண்ணீரையும் ஒரே டம்ளரால் அளந்து அக்கா மறுபடி மறுபடி செய்தாள். பதம் தவறியதெல்லாம் கணவரின் தலைமுடிக்குப் போனது. கடைக்கு வந்தவர்கள் அவர் தலை மினுமினுப்பைப் பார்த்துச் சிரித்தார்கள். பல வாரங்கள் கழித்துத்தான் எல்லாம் ஒரே பதத்தில் வரத் தொடங்கியது.

"மோவாயைத் தாழ்த்திக்கிட்டு ஒரு வாய் மட்டும்," என்று பயிற்சிப் பெண் அவள் தொண்டையில் விரல் வைத்துக் காத்திருந்தாள்.

இறங்கியது. இருமல் இல்லை. இன்னொரு வாய். அதுவும் இறங்கியது.

மகள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"எதுக்குடி அழற? போய் காபி போடு. இதுல கலந்து குடிக்கணும்."

தொண்டை முழுதாகத் திரும்பவேயில்லை. வெறும் தண்ணீர் இன்றும் அவளுக்கு ஆகாது. டாக்டர் மட்டும் அவள் போகும்போதெல்லாம் குழாய்ப் பேச்சை எடுப்பார்.

"ரொம்ப ஆசையா இருந்தா உங்க தோட்டத்துக்குப் போட்டுக்கோங்க," என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடுவாள்.