விமானம் ஏறாத டூல்ஸ் பை

டூல்ஸைக் கையில் எடுத்துக்கொண்டு விமானத்தில் ஏறக் கூடாது, கீழே அனுப்புகிற லக்கேஜில்தான் வைக்க வேண்டும் என்று எனக்கு முன்பே தெரியும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடந்ததைக் கேட்கிற எல்லாரும், "ஸ்பேனரக் கையில கொண்டு போனியா?" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். நான் அவ்வளவு மண்டு இல்லை. எல்லாவற்றையும் சரியாகச் செய்துதான் மாட்டிக்கொண்டேன். அதனால்தான் மனம் இன்னும் ஆறவில்லை.

நான் ட்ரில் மெக்கானிக். நெய்வேலியில் நிலக்கரிக்கு மேலே மண், மண்ணுக்கு நடுவே பாறையாக இறுகிப்போன மணற்கல். அதில் வரிசையாகத் துளை போட்டு, வெடிமருந்து நிரப்பி, உடைத்துக் கொடுத்தால்தான் பெரிய சக்கர மெஷின் வந்து அள்ளும். துளை போடுகிற மெஷின் நின்றுபோனால் என்னைக் கூப்பிடுவார்கள். ஹோஸ் பைப் கிழிந்தாலும், ராடு மாட்டிக்கொண்டாலும், பேரிங் போனாலும் என் தலையில்தான் விடியும். நான் கான்ட்ராக்ட் ஆள். எங்கள் கான்ட்ராக்டரிடம் வேலை பார்க்கிறவன் டூல்ஸைச் சொந்தமாக வைத்திருக்க வேண்டும். அப்படி ஒவ்வொன்றாகச் சேர்த்தவை என் ஸ்பேனர்களும் சாக்கெட்டுகளும். ஒரு காக்கி கான்வாஸ் பையில் அவை என்னோடு தினமும் சுரங்கத்துக்குள் இறங்கி ஏறின.

வெளிநாட்டுச் சுரங்கம் ஒன்றுக்கு ட்ரில் மெக்கானிக் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு எப்போதோ விண்ணப்பம் போட்டிருந்தேன். மறந்தும் போயிருந்தேன். திடீரென்று ஒரு போன். நாளை மறுநாள் காலை மும்பையில் செய்முறைத் தேர்வு, கை டூல்ஸ் எல்லாம் உங்களுடையதாக இருக்க வேண்டும் என்றார்கள். ரயிலில் போனால் நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது. நாற்பது வயது முடிந்தவர்களை அவர்கள் எடுப்பதில்லை. எனக்கு அடுத்த மாதம் முடிகிறது. இந்த வாய்ப்பை விட்டால் இன்னொன்று இல்லை என்பது எனக்கும் தெரியும், என் மனைவிக்கும் தெரியும். பெர்மனென்ட் ஆவோம் என்கிற பேச்சை நாங்கள் வீட்டில் நிறுத்தி ரொம்ப நாளாகியிருந்தது.

"அங்க போயாவது, இவரு எங்க ஆளுன்னு ஒருத்தன் சொல்ற வேலையா இருக்கட்டும்" என்றாள் அவள்.

கான்ட்ராக்டரிடம் உண்மையைச் சொல்லவில்லை. வேறு வேலை தேடுகிறான் என்று தெரிந்தால் அன்றைக்கே ஆளை மாற்றிவிடுவார். மச்சினன் வீட்டு விசேஷம் என்று சொல்லி லீவு வாங்கினேன். லீவில் போகிறவர்கள் கேட் பாஸை அவரிடம் கொடுத்துவிட்டுப் போக வேண்டும் என்பது அவர் வைத்த வழக்கம். கொடுத்தேன்.

அப்புறம் பையைக் கட்டும் வேலை. பதினைந்து கிலோவுக்கு மேல் கூடாது என்றிருந்ததால் மந்தாரக்குப்பத்தில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்து மளிகைக் கடைக்குப் போய்த் தராசில் வைத்தேன். கடைக்காரர், "ஸ்பேனர் கிலோ என்னா வெலங்க?" என்று கிண்டலடித்தார். பெரிய பைப் ரிஞ்சை எடுத்து வெளியே வைத்தேன். மனசு கேட்காமல் உள்ளே வைத்து, சுத்தியலை வெளியே எடுத்தேன். கிரீஸ் போக ஒவ்வொன்றையும் டீசல் போட்டுத் துடைத்தேன். டீசல் வாடை இருந்தால் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள் என்று மனைவி போனில் பார்த்துச் சொன்னாள். மறுபடி எல்லாவற்றையும் சோப்புத் தூளில் கழுவி வெயிலில் காயப்போட்டாள். குழந்தையைக் குளிப்பாட்டின மாதிரி துடைத்துத் துடைத்து வைத்தாள். உள்ளே உருண்டு அடிபடாமல் இருக்க ஒவ்வொன்றுக்கும் துணி சுற்றினோம். பையை மட்டும் கழுவவில்லை. அதையும் கழுவ வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்?

சென்னை பஸ்ஸில் பையை மடியில் வைத்துக்கொண்டுதான் போனேன். குள்ளஞ்சாவடியில் கூட்டம் ஏறியபோது, "என்னாங்க உள்ள, கல்லா வச்சிருக்கீங்க?" என்று கேட்டு நகரச் சொன்னார் கண்டக்டர். எனக்குச் சிரிப்பாக இருந்தது. அன்று காலையில் எனக்கு எல்லாமே சிரிப்பாகத்தான் இருந்தது.

விமான நிலையத்தில் பையை எடை போட்டு, டேக் கட்டி, பெல்ட்டில் அனுப்பினார்கள். ரப்பர்த் திரையைத் தள்ளிக்கொண்டு அது உள்ளே போனதும் பாதி மும்பை போய்ச் சேர்ந்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன். மேலே போய் உட்கார்ந்து, கண்ணாடி வழியாக விமானங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மைக்கில் யாரோ என் பெயரை உடைத்து உடைத்துச் சொன்னார்கள். இரண்டாவது தடவைதான் அது நான் என்று புரிந்தது.

விமான கம்பெனியின் சீருடை போட்ட பெண் ஒருத்தி வந்தாள். தமிழ்ப் பெண். "சார், உங்க பேக்கை ஒரு தடவை திறந்து காட்டணுமாம், அவ்ளோதான்" என்று கீழே ஓர் அறைக்குக் கூட்டிப் போனாள். ஸ்டீல் மேஜை மேல் என் பை இருந்தது. கையுறை போட்ட பாதுகாப்பு ஊழியர் இந்தியில் ஏதோ சொல்ல, அந்தப் பெண் எனக்குத் தமிழில் சொன்னாள். நானே பையைத் திறந்து, துணியைப் பிரித்து, ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். பளபளவென்று இருந்தன. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது, உண்மையைச் சொன்னால்.

அவர் ஒரு வெள்ளைத் துணித் துண்டால் பையின் அடிப்பக்கத்தைத் தடவி, பக்கத்திலிருந்த மெஷினுக்குள் வைத்தார். சிவப்பு விளக்கு எரிந்து மெஷின் கத்தியது. வேறு துண்டு எடுத்துத் தடவினார். மறுபடி கத்தியது. அவர் முகம் மாறியது. பிறகு அந்தப் பெண்ணின் முகமும்.

"என்ன வேலை பாக்கறீங்கன்னு கேக்கறாரு சார்."

"ட்ரில் மெக்கானிக்ம்மா. சுரங்கத்துல."

"அந்த ட்ரில் என்ன பண்ணுமாம்?"

"ஓட்டை போடும். பிளாஸ்டிங்குக்கு."

அந்தச் சொல்லை மொழிபெயர்க்க அவசியம் இருக்கவில்லை. பாதுகாப்பு ஊழியர் மேஜையிலிருந்து ஓரடி பின்னால் போனார். நான் பதறிப்போய் விளக்க ஆரம்பித்தேன். துளைக்குள் வெடிமருந்து நிரப்புவார்கள், ஆனால் நான் நிரப்புவதில்லை. நிரப்புகிறவர்களுக்குப் பக்கத்துத் துளையில் மெஷின் நின்றுவிட்டால் அங்கே போய் உட்கார்ந்து சரிசெய்வேன். பையைத் தரையில்தான் வைப்பேன். மருந்து சிந்தின தரையாக இருந்திருக்கும், அது பையில் ஒட்டியிருக்கும். சொல்லச் சொல்ல நானே குழி தோண்டி நானே இறங்கிக்கொண்டிருந்தேன். எங்கள் ஊரில் சங்கு ஊதும், தூரத்தில் குபுக்கென்று சத்தம் வரும், ஜன்னல் கொஞ்சம் அதிரும், சாப்பிடுகிறவர்கள் தலையைக்கூட நிமிர்த்த மாட்டார்கள். பிளாஸ்டிங் என்றால் எங்களுக்கு அவ்வளவுதான். அந்த அறையில் இருந்தவர்களுக்கு அதை எப்படிச் சொல்வது?

போலீஸ் இன்ஸ்பெக்டர் ஒருவர் வந்தார். நல்ல மனிதர் என்று இப்போதும் சொல்வேன். உட்காரச் சொல்லி, முழுவதையும் கேட்டார். என் கையைத் தடவிப் பார்த்தார்கள், மெஷின் கத்தவில்லை. டூல்ஸைத் தடவினார்கள், கத்தவில்லை. பை மட்டும் ஒவ்வொரு தடவையும் கத்தியது.

"நீங்க சொல்றத நான் நம்புறேன்" என்றார் இன்ஸ்பெக்டர். "ஆனா நான் நம்புனேன்னு எழுதி உங்கள ஃப்ளைட்ல ஏத்த முடியாது. உங்களுக்கு வேலை குடுத்தவர் யாரோ, அவர் ஒரு வார்த்தை சொல்லட்டும். ஆமா, இவர் எங்க ஆளு, இந்த வேலைதான் பாக்கறாருன்னு. பைய இங்க விட்டுட்டு டூல்ஸோட நீங்க போகலாம்."

ஒரே ஒரு வார்த்தை. வேலை கொடுத்தவர் என்றால் கான்ட்ராக்டர். வேலைக்கு அடையாளமான கேட் பாஸும் அவரிடம்தான் இருந்தது. அவரிடம் சொன்னால் விசேஷம் பொய் என்று தெரிந்துவிடும். இங்கே இருக்கிற வேலையும் போகும். சொல்லாவிட்டால் மும்பை போகும். முதலில் ட்ரில் ஆபரேட்டரைக் கூப்பிட்டுப் பார்த்தேன். ஷிஃப்டில் இருந்தார், எடுக்கவில்லை. அவர் எடுத்திருந்தாலும் பயனில்லை, முதலாளிதான் சொல்ல வேண்டும் என்றார் இன்ஸ்பெக்டர். அந்தப் பெண் கடிகாரத்தைப் பார்த்தபடி, "சார், போர்டிங் ஆரம்பிச்சாச்சு" என்றாள். கான்ட்ராக்டர் நம்பரைப் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, இன்ஸ்பெக்டர் முன்னால் நீட்டினேன்.

"என்னாப்பா, விசேஷம்லாம் முடிஞ்சுதா? எப்ப வர்ற? இங்க ஆளு இல்லாம தவிச்சுகினு கெடக்கறேன்" என்றது அவர் குரல்.

அந்தக் குரலைக் கேட்டதும் எனக்கு உயிர் வந்தது. அவர்மேல் பாசம்கூட வந்தது. இன்ஸ்பெக்டர் போனை வாங்கித் தான் யார், எங்கிருந்து பேசுகிறார் என்று சொன்னார். வெடிமருந்து என்ற சொல்லையும் சொன்னார். பிறகு என் முழுப் பெயரைச் சொல்லி, "இவர் உங்ககிட்ட வேலை பாக்கறவர்தானே?" என்று கேட்டார்.

அவர் தொண்டையைச் செருமினார்.

"சார்... அந்தப் பேருல நம்ம லிஸ்ட்ல யாரும் கெடையாதுங்க. கான்ட்ராக்ட்னா வருவாங்க, போவாங்க. யாருன்னு தெரியலிங்க சார்."

போன் வைக்கப்பட்டது. மறுபடி போட்டோம். எடுக்கவில்லை. இன்னொரு தடவை போட்டோம். ஸ்விட்ச் ஆஃப்.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. இன்ஸ்பெக்டர் போனை என் கையில் திருப்பிக் கொடுத்தார்.

"உங்களத் தெரிஞ்சுதான் பேசுனார். எனக்கும் காது இருக்கு" என்றார். "ஆனா நான் கேட்டதுக்கு அவர் சொன்ன பதில் இதுதான். இதுக்கு மேல நான் என்ன செய்ய?"

அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை. அந்த நாற்காலியில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். வெறும் ஆளாக என்னை மட்டுமாவது அனுப்புங்கள், டூல்ஸை அங்கே கடன் வாங்கிக்கொள்கிறேன் என்று கேட்டேன். விசாரணை முடியாமல் அனுப்ப முடியாது என்றார். அவர்கள் என் ஊர் ஸ்டேஷனுக்குப் பேசினார்கள், ஆதாரைப் பார்த்தார்கள், ஒரே கேள்வியைத் திருப்பித் திருப்பிக் கேட்டார்கள். இடையில் அந்தப் பெண் ஒரு தண்ணீர் பாட்டிலை என் பக்கத்தில் வைத்தாள். "ஃப்ளைட் கெளம்பிடுச்சு சார்" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. எனக்காக அன்றைக்குக் கலங்கிய கண் அது ஒன்றுதான், அவளுக்கு நான் யாரென்றுகூடத் தெரியாது.

சாயங்காலம் விட்டார்கள். பையைப் பரிசோதனைக்கு என்று வைத்துக்கொண்டு, டூல்ஸை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கொடுத்தார்கள். வாசலைத் தாண்டுவதற்குள் கவர் கிழிந்து ஸ்பேனர்கள் டைல்ஸில் விழுந்தன. சுற்றியிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மும்பையில் இரவுக்கு என்று தோள்பையில் எடுத்து வைத்திருந்த கைலியை விரித்து, அதில் எல்லாவற்றையும் போட்டு மூட்டையாகக் கட்டினேன். தேர்வு நடத்துகிறவர்களுக்குப் போன் செய்தேன். வேறு தேதி கிடையாது, அடுத்த முறை முயற்சி செய்யுங்கள் என்று மரியாதையாகத்தான் சொன்னார்கள். மனைவி கூப்பிட்டாள்.

"ஏங்க, எறங்கிட்டீங்களா?"

"இன்னும் ஏறவே இல்ல" என்றேன்.

மறுநாள் காலை நான் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தபோது கான்ட்ராக்டரே கூப்பிட்டார். நேற்று என்று ஒரு நாள் நடக்காதது போலவே பேசினார். "வந்துட்டியாப்பா? கீழ் தட்டுல ட்ரில் நின்னு போய்க் கெடக்குது. சீக்கிரம் வா."

"யாருன்னு தெரியாதுன்னு சொன்னீங்களே" என்றேன்.

"அது போலீஸுக்குச் சொன்னது. கான்ட்ராக்ட் ஆளு மருந்து பக்கத்துல போகக் கூடாதுன்னு ரூலு இருக்குது, ஏன் போனான்னு கேட்டா நான் என்னா பதில் சொல்றது? உனக்குத் தெரியாததா? நீயும்தான் விசேஷம்னுட்டு போன. அத நான் கேட்டனா? வாப்பா."

பயத்தில் சொன்னாரா, நான் போய்விடக் கூடாது என்று சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்டால் மட்டும் சொல்லிவிடவா போகிறார்? சமையலறை வாசலில் நின்று என் மனைவி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"போவாதீங்க. யாருன்னே தெரியாதுன்னவன் கூப்ட்டா ஓடணுமா?"

"வேற எங்க போறது?"

அவள் உள்ளே போய், காய்கறி வாங்கும் கட்டைப்பையை உதறி எடுத்து வந்து, கைலி மூட்டையை அவிழ்த்து, ஸ்பேனர்களை ஒவ்வொன்றாக அதில் அடுக்கினாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

சுரங்கத்துக்கு வெளியே எங்கள் ஷெட்டில் ஆட்களைப் பிரித்து அனுப்புவதற்குக் கான்ட்ராக்டரே பெயர் வாசித்துக்கொண்டிருந்தார். நான் போய் வரிசையின் கடைசியில் நின்றேன். ஒவ்வொருவராகக் குரல் கொடுத்தார்கள். என் பெயரை வாசித்தார். நேற்று இன்ஸ்பெக்டர் சொன்ன அதே முழுப் பெயர். நான் பேசவில்லை. நிமிர்ந்து என்னைப் பார்த்துவிட்டு, இன்னொரு தடவை சத்தமாக வாசித்தார். அந்தப் பேரில் இங்கே யாரும் இல்லை என்று சொல்லத்தான் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்திருந்தேன்.

"இருக்கேன்" என்றேன்.