எல்லைக்கோட்டின் மேல் ஒரு சாணைக்கல்

சாணைக்காரர் எனக்கு நாலாயிரம் கடன்பட்டிருந்தார். அதைக் கேட்கத்தான் அன்றும் போனேன். ஆள் அடுப்படியில் சப்பணமிட்டு உட்கார்ந்து, ஆணி முடுக்கிய கத்தரிக்கோலைக் காதருகே வைத்து வெறுங்காற்றை வெட்டிக்கொண்டிருந்தார். ‘நறுக்’ என்று ஒரே சத்தமாக வந்தால் தேறியது. இழுத்தால் மறுபடி கல்லுக்குப் போகும். அந்த நேரத்தில் யார் வந்தாலும் கையைக் காட்டி நிறுத்துவார். மூன்று கடைக்கு முதலாளி நான். என்னைக் கைகாட்டி நிறுத்தும் துணிச்சல் இந்தத் தெருவில் அவர் ஒருவருக்குத்தான்.

“கடன்காரனை வேலை செய்ய விடுங்கண்ணே. செஞ்சாத்தானே உங்க கடன் அடையும்?” என்றார், கத்தரியைக் கீழே வைத்த பிறகு.

சாணைக்கல்லுக்கு அடுப்படியில் என்ன வேலை என்று கேட்பீர்கள். அதற்குக் காரணம் சட்டம். சட்டத்துக்குக் காரணம் நான்.

எங்கள் ஊர்க் கத்தரிக்கோல் என்றால் தையல்காரர்களிடம் தனி மரியாதை. எங்கெங்கோ இருந்தவனெல்லாம் தகரத்தில் எங்கள் ஊர்ப் பெயரைக் குத்தி அந்த மரியாதையை விற்றுக்கொண்டிருந்தான். நான் பள்ளிக்கூட வாசலோடு திரும்பியவன். தோளில் பை மாட்டித் தெருத்தெருவாகக் கத்தரி விற்று மேலே வந்தவன். படித்தவர்கள் கையைப் பிசைந்துகொண்டு நிற்க, வக்கீல்களை இழுத்துக்கொண்டு அலையோ அலையென்று அலைந்து, எங்கள் கத்தரிக்கோல் சங்கத்துக்குப் புவிசார் குறியீடு வாங்கிக் கொடுத்தேன். இனி எல்லைக்குள் செய்த கத்தரிக்குத்தான் ஊர்ப் பெயர். வெளியே செய்து பெயரைக் குத்தினால் கோர்ட்டு, வழக்கு.

வரைபடம் போட வந்தவர்கள் பழைய வாய்க்காலை எல்லையாகப் பிடித்துக்கொண்டார்கள். வாய்க்காலை மூடி அதன்மேல் வீடுகள் எழும்பிப் பல காலம் ஆகிறது. கோடு நேராகப் போய்ச் சாணைக்காரர் வீட்டுக்குள் நுழைந்தது. கூடமும் அடுப்படியும் ஊருக்குள். அவர் ஆயுசு முழுக்க வேலை செய்த பின்கட்டுப் பட்டறை ஊருக்கு வெளியே.

எதிர்வீட்டுக்காரர் வட்டிக்கடையை மூடிவிட்டுச் சாணை பிடிக்க வந்தவர். அவருடைய கத்தரி வெண்ணெயை வெட்டவே யோசிக்கும். ஆனால் வீடு முழுசாக எல்லைக்குள் இருந்ததால் அவருக்கு ஊர்ப் பெயர் குத்தும் முத்திரை கிடைத்துவிட்டது.

“நான் பொறந்தது கூடத்துல. என் தம்பி பொறந்தது பின்கட்டுல,” என்றார் சாணைக்காரர். “அப்ப நான் அசல், அவன் போலியா?”

இதைக் கேட்டது சங்கக் கூட்டத்தில். அங்கே உட்கார்ந்திருந்த தம்பி எழுந்து வெளியே போய்விட்டார்.

பெயர் இல்லாத கத்தரிக்குப் பாதி விலைதான் என்று நானே சொன்னேன். வியாபாரம் வியாபாரம்தானே. பாதி விலைக்கு விற்றால் இரும்பு வாங்கிய காசுகூடத் தேறாது. பட்டறையை மூட வேண்டியதுதான். எல்லைக்குள், கடைத்தெருவில் என் அறை ஒன்று காலியாகக் கிடந்தது, வாடகைக்குத் தருகிறேன் என்றேன். “கடன் குடுத்தா வாங்கிக்கிறேன். சொந்த ஊர்ப் பேருக்கு வாடகை கட்டச் சொல்லாதீங்க,” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். சரி, போகட்டும் என்று முத்திரைக்கான அவருடைய பதிவுக் கட்டணம் நாலாயிரத்தை நான் கட்டினேன். பெயர் குத்திய முதல் சரக்கு விற்றதும் திருப்பித் தருவதாகப் பேச்சு; எனக்குத்தான் அதுவரை பொறுமை இல்லை.

மறுநாளே சாணைக்கல் அடுப்படிக்கு வந்தது, அடுப்பு பட்டறைக்குப் போனது. நடுவே நிலைப்படியில் சுண்ணாம்பால் ஒரு கோடும் போட்டுவிட்டார். “இவரு அசல் உள்ளூர்க்காரரு மாதிரி நிமிர்ந்து உக்காந்திருக்காரு. நான் பொங்குறது வெளியூர்லண்ணே,” என்பார் அவர் மனைவி. “சோத்துக்கு எல்லை தாண்டித்தானே வரணும்? ஒருநாள் பாஸ்போர்ட் கேக்கப் போறேன்.” தெருவில் சாணைக்காரருக்கு ‘அடுப்படியார்’ என்று பெயர் விழுந்தது. அந்தப் பெயருக்குப் பதிவு தேவைப்படவில்லை.

நான் கடன் கேட்கப் போன அன்றுதான் பரிசோதகரும் வந்தார். அவர் சரியென்று கையெழுத்துப் போட்டால்தான் முத்திரை. சுவரை அளந்தார், கோட்டை அளந்தார், தலையை ஆட்டினார். பிறகு தரையில் கிடந்த ஒயரைப் பார்த்துவிட்டார். கல்லைச் சுற்றும் மோட்டாரிலிருந்து கிளம்பிய ஒயர், சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டிப் பின்கட்டுக்குப் போயிற்று.

“கரண்ட் எங்கேருந்து எடுக்கிறீங்க?”

“சுவத்துலேருந்து சார்.”

“எந்தப் பக்கத்துச் சுவரு?”

சாணைக்காரர் ஒயரைக் காலால் மறைக்கப் பார்த்தார். அப்படி ஒரு நாளும் அவரை நான் பார்த்ததில்லை. கரண்டியோடு அவர் மனைவி எட்டிப் பார்த்தார். “உங்க ஆபீஸ் ஃபேனுக்குக் கரண்ட் எந்த ஊர்லேருந்து வருதுன்னு கேட்டீங்களா தம்பி?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பரிசோதகருக்கு வரவில்லை. “சாணை பிடிக்கிற வேலை முழுக்க எல்லைக்குள்ள நடக்கணும்மா. மோட்டாருக்குக் கரண்ட் வெளியேருந்து வருதுன்னு யாராவது கேஸ் போட்டா நான் என்ன சொல்றது?” என்று பேனாவை மூடப் போனார்.

சாணைக்காரர் எழுந்து ஒயரைப் பிடுங்கிச் சுருட்டிக் கோட்டுக்கு அந்தப் பக்கம் எறிந்தார். மோட்டார் வருவதற்கு முன் இருந்த கைப்பிடியைப் பரணிலிருந்து இறக்கிக் கல்லில் மாட்டினார். “வா இப்படி,” என்றார் மனைவியிடம்.

“அடுப்புல சோறு இருக்கு.”

“வெளியூர்ச் சோறு வேகட்டும். நீ உள்ள வா.”

அந்த அம்மாள் கோட்டைத் தாண்டி வந்து, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கைப்பிடியைச் சுற்றினார். கல் முனகியது, சாணைக்காரர் பிடித்த கத்தரி அலகில் பொறி பறந்தது. சாதம் அடிப்பிடித்த வாசனை பின்கட்டிலிருந்து வந்தது, யாரும் நகரவில்லை. பரிசோதகர் முகம் மலர்ந்துவிட்டது. “கையால சுத்துற கல்லா! இதைத்தானே பாரம்பரிய முறைன்னு நாங்க தேடிக்கிட்டிருக்கோம்,” என்று கையெழுத்துப் போட்டார். போகும்போது என்னிடம், “கைச்சாணைன்னு சொன்னா விலை கூடவே போகும் சார்,” என்றார். அதை அவர் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதற்குள் நான் மனசில் விலையை ஏற்றியிருந்தேன்.

“கூலி யாரு தருவா?” என்று கேட்டார் அந்த அம்மாள், தோளைத் தடவிக்கொண்டே.

அடுத்த வாரம், பெயர் குத்திய முதல் சரக்கை நானே எடுத்தேன், முழு விலைக்கு. பணம் கொடுத்துவிட்டுப் பின்கட்டு வழியாகக் கிளம்பினேன். என் வண்டி அந்தச் சந்தில் நின்றது. “அண்ணே, கடன்!” என்று உள்ளிருந்து குரல் வந்தது. அடுப்புப் பக்கம் நின்றபடியே கையை நீட்டினேன்.

“அங்க வேண்டாம். அது வெளியூரு. எங்க ஊர்ல வாங்கின கடனை எங்க ஊர்லயேதான் அடைப்பேன்,” என்று என் மணிக்கட்டைப் பிடித்துச் சுண்ணாம்புக் கோட்டுக்கு உள்பக்கம் இழுத்தார். பிறகு ஒவ்வொரு நோட்டையும் காதருகே கொண்டுபோய்ப் படபடவென்று சுண்டி, சத்தம் கேட்டு, விரித்த என் உள்ளங்கையில் எண்ணி வைத்தார். கடைசி நோட்டு கொஞ்சம் தொய்ந்து சத்தம் போட்டது. அதைத் திரும்ப எடுத்து, “இந்தா கூலி,” என்று மனைவியிடம் நீட்டிவிட்டு, மொடமொடப்பாக வேறொன்றைத் தேடி வைத்தார்.