காலை வரை வைத்திருந்த செய்தி

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் லண்டனில் ஒரு ஹோட்டலின் நிலக்கீழ் அறையில் எனக்கு வேலை. சலவைக்குப் போய் வந்த விரிப்புகளை மடித்து அடுக்க வேண்டும். எங்கள் குடும்பத்தில் பள்ளிப்படிப்பை முழுதாக முடித்த முதல் ஆள் நான். அதனாலோ என்னவோ, எதைக் கேட்டாலும் எழுதிவைக்கும் பழக்கம் இருந்தது. சட்டைப் பையில் எப்போதும் ஒரு கொப்பி.

விரிப்பு மடிக்க இரண்டு பேர் வேண்டும். மறுமுனையைப் பிடித்தவன் செக் நாட்டுக்காரன், என் வயதுதான். அவர்கள் நாட்டு எல்லை திறந்ததும் கோச் பஸ் ஏறி வந்தவன். கொப்பியைக் கண்ட நாளிலிருந்து என்னைப் புரொபசர் என்றுதான் கூப்பிடுவான். எங்களுக்குள் ஓடியது அரைகுறை இங்கிலீஷ். இத்தனை காலத்துக்குப் பிறகு அது என் காதில் எங்கள் தமிழாகவே கேட்கிறது. அப்படியே எழுதுகிறேன்.

அவனிடம் அவர்கள் ஊர்ப் பழமொழி ஒன்று இருந்தது. மூன்றே சொற்கள். அதை இங்கே எழுத எனக்கு விருப்பமில்லை. அதில் காலையும் மாலையும் வரும், காலைதான் வெல்லும். தோல் ஜாக்கெட் ஒன்றைக் கடைக் கண்ணாடிக்குள் பார்த்துவிட்டு வந்து, "எடுக்கிறதோ விடுறதோ?" என்று என்னைக் கேட்பான். நான் வாய் திறக்குமுன் அந்த மூன்று சொல்லையும் தானே சொல்லிவிட்டு விரிப்பை இழுப்பான். சூப்பர்வைசர் அம்மா அவனை இஸ்திரிப் பகுதிக்கு மாறச் சொன்னபோதும் அதையேதான் முணுமுணுத்தான். பதிலை மறுநாள் சொன்னான்.

நான் உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் எழுதிவைத்துப் பஸ்ஸில் சொல்லிப் பழகினேன். பொருளையும் எழுதினேன்: களைத்திருக்கும்போது எதையும் செய்யாதே, காலைக்கு விடு. வாசித்துக் காட்டினேன்.

"கிட்டத்தட்டச் சரி, புரொபசர். எத்தினை மார்க்ஸ் வேணும்?" என்றான்.

அதற்கு முந்திய வருடம் ஊரில் அப்பா இறந்துபோனார். இல்ஃபோர்டில் நாங்கள் ஆறு பேர் இருந்த வீட்டுக்குத்தான் போன் வந்தது. நான் வேலையால் வந்தபோது ஒருவரும் வாய் திறக்கவில்லை. எங்களில் மூத்த அண்ணை சோற்றுக் கோப்பையை நீட்டி, "முதல்ல சாப்பிடு தம்பி, ஆறப்போகுது" என்றார். நான் கை கழுவிய பிறகுதான் சொன்னார்கள். வெறும் வயிற்றோடு இருக்கிறவனுக்கு எங்கள் ஆட்கள் இழவு சொல்வதில்லை. எனக்கு அவர்கள்மேல் கோபம் வரவில்லை. அழுகையும் வரவில்லை. போய்ப் படுத்தேன்.

ஒரு திங்கட்கிழமை பின்னேரம் மூன்றேகால் மணிக்குச் சூப்பர்வைசர் அம்மா ஒரு சீட்டைக் கொண்டுவந்தாள். செக்காரன் வெளியே சலவை வான் வண்டிக்குள் கூடை ஏற்றிக்கொண்டிருந்தான். அவனுடைய அக்கா போன் எடுத்தவவாம். தாய்க்கு நோய் கடுமை, உடனே வரட்டாம். "வந்ததும் குடு" என்றுவிட்டு அவள் வீட்டுக்குப் போய்விட்டாள்.

அவன் வந்தான். பசிக்குது என்றான். சரி, சாப்பிடட்டும் என்று விட்டேன். சாப்பிட்டான், தேத்தண்ணி குடித்தான், ஜாக்கெட் கதையை மறுபடி தொடங்கினான். அவன் முகம் களைத்துக் கிடந்தது. இப்போது சொன்னால் விடிய விடிய நித்திரை இல்லாமல் கிடப்பான், இனி இன்றைக்கு என்ன செய்யப்போகிறான் என்று நினைத்தேன். ஆறு மணிக்கு, "போட்டு வாறன், புரொபசர்" என்று அவன் படியேறிப் போனான். சீட்டு என் பையிலேயே இருந்தது. சரியானதைத்தான் செய்கிறேன் என்று எனக்கு ஒரு திருப்திகூட இருந்தது. அவன் சொல்லித்தந்தபடி நடக்கிறேன் என்ற திருப்தி.

காலை ஏழு மணிக்குக் கொடுத்தேன். நின்றபடியே வாசித்தான்.

"இது எப்ப வந்தது?"

"நேற்று. மூண்டேகால் இருக்கும்."

"நேற்றோ? ஏன் தரேல்லை?"

நான் அந்த மூன்று சொல்லையும் அவனுடைய மொழியில், பழகிய உச்சரிப்போடு சொன்னேன். அவன் என்னைப் பார்த்தான். அதற்குமுன் ஒருவரும் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

"நேற்று இரவு ஏழு மணிக்கு ஊருக்கு ஒரு கோச் இருந்தது. அடுத்தது வெள்ளிக்கிழமை" என்றான்.

அன்று செவ்வாய்க்கிழமை.

வெள்ளிக்கிழமைக் கோச்சில்தான் போனான். தாய் வியாழக்கிழமையே இறந்துபோனார். இரண்டு வாரம் கழித்துத் திரும்பி வந்து, வழக்கம்போல எனக்கெதிரே நின்றான். பத்துப் பன்னிரண்டு விரிப்பு மடித்த பிறகு அவன் சொன்னான்.

"அம்மா கடைசி வரைக்கும் கதவைப் பாத்துக்கொண்டு கிடந்தவவாம். அக்கா சொன்னவ."

"ஓம்" என்றேன்.

"சும்மா ஓம் எண்டு சொல்லாதை."

"வேறென்ன சொல்லுறதெண்டு தெரியேல்லை."

"ஒண்டும் சொல்லாதை." மூலைகளைச் சேர்த்துப் பிடித்தான். "அது என்ரை அலுவலுக்கு நான் சொல்லுறது. என்ரை முடிவை நான் பிந்தப் போடலாம். எனக்காக நீ பிந்தப் போட ஏலாது. நீ கெட்டது நினைக்கேல்லை எண்டு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் உன்ரை முகத்தைப் பாக்க ஏலாமக் கிடக்கு."

அவன் கத்தியிருந்தால் எனக்கு ஏதாவது உறைத்திருக்கும். கை தன்பாட்டில் மடித்துக்கொண்டே இருந்தது. உள்ளே ஒன்றும் அசையவில்லை.

அந்த மாதக் கடைசியில் மேல்மாடி வேலைக்கு மாற்றம் கேட்டான். குனிந்து நிமிர முதுகு விடுதில்லை என்று காரணம் சொன்னானாம். சூப்பர்வைசர் அம்மா என்னிடம் வந்தாள். உங்களுக்குள்ளே ஏதும் பிரச்சினையோ என்று கேட்டாள்.

அந்தச் சீட்டை நான் மறுநாள்தான் கொடுத்தேன் என்று சொன்னேன்.

இனிமேல் அவன் பெயருக்குப் போன் வந்தால் மேல்மாடிக்குத் தானே ஏறிப்போய்ச் சொல்வதாகச் சொன்னாள். நான் சரி என்றேன்.