முக்கால் மணி நேரத் தோட்டம்

இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயரில் ஞாயிற்றுக்கிழமை கோட்டை பார்க்கலாம், நீராவி ரயிலில் ஏறலாம். இரண்டும் அலுத்தால் காசு கொடுத்து அடுத்த வீட்டுக் கொல்லையைப் பார்க்கலாம். காசு தர்மத்துக்குப் போவதால், எட்டிப் பார்ப்பதும் புண்ணியத்தில் சேர்ந்துவிடும். எந்தெந்தத் தோட்டம் என்று ஆண்டுதோறும் ஒரு கையேடு வரும். அதில் தன் தோட்டம் இடம்பெற்றே தீர வேண்டும் என்று, பஸ் ஓட்டும் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறுநாளே தெல்மா ரட்ஜ் முடிவு கட்டினாள்.

கையேட்டுக் குழுவிலிருந்து பார்வையிட வந்த ரோசலிண்ட் அம்மையார் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார்.

"அழகாத்தான் இருக்கு மிஸஸ் ரட்ஜ். ஆனா வர்றவங்க முக்கால் மணி நேரமாவது நிக்கணும், அது எங்க விதி. உங்களது ஏழு நிமிஷத்துல முடிஞ்சிடுதே."

"மெதுவா நடந்தா?"

"மெதுவாத்தான் நடந்தேன்."

கணவர் லென் ஆறுதல் சொன்னார். "விடு தெல்மா. எல்லாரையும் உள்ள விட்டு கதவைப் பூட்டிடு. ராத்திரி முழுக்க நிப்பாங்க."

தெல்மா சிரிக்கவில்லை. ஒரு வண்டி மட்டுமே போகக்கூடிய கிராமச் சாலைகளில் காலமெல்லாம் பஸ் ஓட்டியவள் அவள். எதிரே வரும் கார் பின்வாங்கும், இவளும் பின்வாங்குவாள், பிறகு இருவரும் கையசைத்து வழிவிட்டுக்கொண்டே இருப்பார்கள். அந்த ஊரில் பனியைவிட மரியாதையால்தான் பஸ் தாமதமாகும்.

குளிர்காலம் முழுக்க மண்வெட்டியும் கையுமாக நின்றாள். நேர்ப்பாதையைப் பெயர்த்து, ஒருவர் மட்டும் போகிற அகலத்தில் செங்கல் பாதையொன்றை வளைத்து வளைத்துப் போட்டாள். இரண்டு பக்கமும் மிதிக்க மனசு வராத செடிகள். போன வழியேதான் திரும்ப வேண்டும்.

"இனிமே வயித்தை எக்கிக்கிட்டுத்தான் ஷெட்டுக்குப் போகணுமா?" என்றார் லென்.

"வயித்தைக் குறை. எக்க வேண்டாம்."

ஜூனில் ரோசலிண்ட் மறுபடி வந்தார். தெல்மா தெருக்காரர்களையும் அன்று தேநீருக்கு அழைத்திருந்தாள். யாருக்கும் எதுவும் சொல்லித்தரவில்லை. சொல்லித்தர வேண்டிய பாடமா அது?

ருபார்ப் செடிப் பாத்தியருகே, ஓய்வு பெற்ற தபால்காரர் பிம் ரோசலிண்டுக்கு எதிரே வந்தார்.

"நீங்க முதல்ல வாங்க."

"ஐயோ, நீங்க வாங்க. வயசுல பெரியவர்."

"அவ்வளவு ஒண்ணும் பெரியவன் இல்ல."

இருவரும் பின்வாங்கினார்கள். ஒரே நேரத்தில் முன்னே வந்தார்கள். மன்னிப்புக் கேட்டார்கள். மறுபடி பின்வாங்கினார்கள். பிம்முக்குப் பின்னால் மூன்று பேர் தேங்கி நின்றார்கள். தூறல் விழுந்தது, அதை மழை என்று ஒப்புக்கொள்ள ஒருவரும் தயாராக இல்லை. நின்ற இடத்தில் வேறு வேலை இல்லாததால் ரோசலிண்ட் குனிந்து செடிகளைப் பார்க்கத் தொடங்கினார்.

வெளியே வந்தபோது முக்கால் மணி நேரம் எப்போதோ கடந்திருந்தது.

"வேணும்னே செஞ்சீங்களா?"

"பாதையை அகலமாக்கணும்னா சொல்லுங்க. மண்வெட்டி தயாரா இருக்கு."

"ஒரு செங்கல்லைக்கூடத் தொடாதீங்க. அந்தச் சாம்பல் நிற பாப்பிப் பூச்செடி போன வருஷமும் இருந்துச்சா?"

"அதே இடத்துலதான் இருந்துச்சு."

ரோசலிண்ட் திரும்பித் தோட்டத்தை இன்னொரு முறை பார்த்தார். பிறகு, "சேர்த்துக்கறோம்" என்றார்.

அடுத்த கோடையில், கையேட்டில் போட்டிருந்த நாளில், தெல்மா வாசற்கதவைத் திறந்துவிட்டு, காசு வாங்கப் போட்டிருந்த மேசையருகே உட்கார்ந்தாள். வெளியே நல்ல கூட்டம். ஆனால் ஒருவரும் உள்ளே வரவில்லை. ஒவ்வொருவரும் பக்கத்திலிருந்தவரை, "நீங்க முதல்ல" என்று உபசரித்துக்கொண்டிருந்தார்கள்.

தெல்மா எழுந்து போய், முன்னால் நின்றவரின் முழங்கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள்.