கப்பலுக்கு எதிரே வந்தவர்கள்

அறுபதுகளின் கடைசியில், தைப்பூசம் முடிந்த கையோடு, நானும் என் வீட்டுக்காரரும் திருப்பூரில் ரயிலேறிக் கொச்சிக்குப் போனோம். கடற்படையில் சேர்ந்த எங்கள் மூத்த மகன் பயிற்சி முடித்து முதல் முறையாகக் கப்பலில் போகப் போகிறான் என்று தகவல் வந்திருந்தது. எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் தறியும், அதற்கப்புறம் பனியன் கம்பெனியும்தான். தண்ணீரில் பிழைக்கப் போன முதல் ஆள் அவன். அதில் எனக்கு ரொம்பப் பெருமை.

எங்கள் வீட்டில் யார் தூரமாகக் கிளம்பினாலும் பெற்றவள் நிறைகுடத்தோடு எதிரே வர வேண்டும். அப்படி வந்தால்தான் போனவர் நல்லபடியாகத் திரும்புவார் என்பது வழக்கம். கடலுக்குப் போகிற பிள்ளைக்கு எதிரே வராமல் நான் எப்படி ஊரில் உட்கார்ந்திருப்பேன்? அதற்காகவே போனோம்.

தங்குவதற்கு மகனே ஒரு வீட்டைச் சொல்லியிருந்தான். பழைய கோட்டைப் பக்கம், கடலை ஒட்டிய மாடி வீடு. இங்கிலீஷ்காரர்களுக்கும் முந்தி வந்தவர்கள் கட்டியதாம். சுவரின் கனத்தில் ஒரு ஆள் படுத்துக்கொள்ளலாம். கவுன் போட்ட ஆங்கிலோ இந்திய அம்மா ஒருவர் அங்கே அறை வாடகைக்கு விட்டு, காலைச் சாப்பாடும் கொடுத்தார். அவருடைய கணவர் எங்கள் பக்கத்துப் போத்தனூரில் ரயில் ஓட்டி, அங்கேயே இறந்துபோனவர். அதனால் அந்த அம்மா நன்றாகத் தமிழ் பேசினார்.

அன்று சாயங்காலமே படகில் கடற்படை வாசலுக்குப் போனோம். காலையில் கப்பல் கிளம்புகிறது, இனி யாரும் வெளியே வர முடியாது என்று சொல்லிவிட்டார்கள். என் வீட்டுக்காரர், "ஏனுங்க, பெத்தவளுங்க, ஒருக்கா மூஞ்சியக் காட்டீட்டுப் போகட்டுமுங்க" என்று கெஞ்சிப் பார்த்தார். நடக்கவில்லை. திரும்பி வந்து நான் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் அழுதுகொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

அந்த அம்மா விஷயத்தைக் கேட்டுச் சிரித்தார். "இதுக்கா அழற? இங்கேருந்து வெளிய போற எந்தக் கப்பலும் என் வீட்டு முன்னாலதான் போகணும். அதுக்கு வேற ரோடு கிடையாது."

விடிந்ததும் எழுந்து, விளக்குமாற்றைத் தேடி எடுத்து, அந்த வீட்டு வாசலைக் கூட்டித் தண்ணீர் தெளித்தேன். மாடியிலிருந்து அந்த அம்மா பார்த்துவிட்டார்.

"வாடகையும் குடுத்துட்டு வேலையும் செய்றியா? நல்ல ஆள்தான் நீ!"

"படுத்து எந்திரிச்ச ஊடு, வாசல் தெளிக்காம எப்புடீங்க?"

அப்புறம் மேசையில் ரொட்டியும் வெண்ணெயும் வைத்தார். அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் ஆஸ்பத்திரியில் படுத்தவர்களுக்குத்தான் ரொட்டி. என் வீட்டுக்காரர் பயந்துபோய், "எங்களுக்குக் காய்ச்சல் ஒண்ணுமில்லீங்களே" என்றார். அந்த அம்மா சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

குடம் கேட்டேன். அவரிடம் இல்லை. ரோஜாப்பூ வரைந்த பெரிய பீங்கான் ஜக் ஒன்றைக் கழுவி, விளிம்பு வரைக்கும் தண்ணீர் நிரப்பிக் கொடுத்தார். தூரத்தில் கப்பலின் சங்கு ஊதியது. "ஓடு, ஓடு" என்று என்னை விரட்டியவர், தான் மட்டும் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

"வாங்கம்மா" என்றேன்.

"அவர் போனதுக்கப்புறமும் நான் போத்தனூர்ல இருந்தவ. யாராவது கிளம்பினா நானே உள்ள போயிடுவேன். புருஷனைப் பறிகொடுத்தவ எதிர்ல வரலாமா? உன் பையன் முதல் தடவை போறான். நீ போம்மா."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அந்தச் சகுனத்தை நம்பி வளர்ந்தவள்தான் நானும். போகிறவன் நான் பெற்ற பிள்ளை. என் வீட்டுக்காரர் என் முகத்தையே பார்த்தார். யாரோ பெற்ற பிள்ளை நல்லபடி போக வேண்டுமென்று தன் சொந்த வீட்டிலேயே ஒளிந்து நிற்கிறாளே, இவளை உள்ளே விட்டுவிட்டு நான் எந்த நல்ல சகுனத்தைத் தேடிப் போகிறேன் என்று தோன்றியது. கையைப் பிடித்து இழுத்தேன்.

"ஜக்கும் உங்களுது, தண்ணியும் உங்களுது. ஒரு பக்கம் நீங்க புடிங்க."

ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு கரையோரம் நின்றோம். முதலில் வீட்டுக் கூரைகளுக்கு மேலே ஒரு கம்பம் மட்டும் நகர்ந்தது. பிறகு கரையில் கம்பு நட்டுத் தொங்கவிட்டிருந்த பெரிய மீன்வலைகளுக்குப் பின்னாலிருந்து, சாம்பல் நிறத்தில் ஒரு மலையே வந்தது. நான் சேவூரில் பிறந்து, அவிநாசித் தேரைப் பார்த்து வளர்ந்தவள். தேர் ஒரு அடி நகர ஊரே சேர்ந்து வடம் இழுக்க வேண்டும். இது யாரும் இழுக்காமல், கல்லெறியும் தூரத்தில், அத்தனை பெரிய உடம்போடு வழுக்கிக்கொண்டு போகிறது! மேலே வெள்ளை உடுப்பில் பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். ஒருவன்கூட அசையவில்லை. எனக்குக் கும்பிடவும் தோன்றவில்லை, அழவும் தோன்றவில்லை. வாயைத் திறந்தபடி நின்றேன்.

"இதுல எம்பையன் எவனுங்க?"

"எவனா இருந்தா என்ன? எல்லாரையும் பாரு."

பார்த்தேன். கப்பல் கடந்துபோன பிறகுதான் அலை வந்து எங்கள் காலை நனைத்தது. வானமும் தண்ணீரும் ஒட்டுகிற இடத்தில் அது எள்ளளவாகி மறையும்வரை இருவரும் ஜக்கைக் கீழே வைக்கவில்லை.

பல மாதம் கழித்து மகன் விடுப்பில் வந்தான். "எந்தப் பக்கம் கண்ணு நின்னே?" என்று கேட்டேன்.

"நானெங்கம்மா நின்னேன்? கீழ இன்ஜின் ரூம்ல இருந்தேன். ஆனா மேல நின்னவங்க சொன்னாங்க. கவுன் போட்ட அம்மாவும் சீலை கட்டுன அம்மாவும் ஜக்கோட நின்னாங்களாமே. ஆளாளுக்கு எங்கம்மா, எங்கம்மான்னு சொல்லிச் சிரிச்சாங்கம்மா."

என் வீட்டுக்காரர் இறந்த மறு வருடம், பேத்தி வேலைக்காக வெளியூர் கிளம்பினாள். வாசலில் கூடியிருந்த சொந்தக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் நிறைகுடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அவளுக்கு நேர் எதிரே வந்தேன். இன்றைக்கும் எங்கள் வீட்டில் யார் கிளம்பினாலும் நான்தான் எதிரே வருகிறேன்; அவ்வளவு பெரிய கப்பலே எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டு போய் நல்லபடியாகத் திரும்பியிருக்கும்போது, என்னைக் கதவுக்குப் பின்னால் நிற்கச் சொல்ல யாரால் முடியும்?