கழுவி இறைத்த விதைக்கடலை

அந்தப் பெண்மயில் வேலியோரத்தில் கழுத்தைத் தூக்கப் பார்த்து, முடியாமல் மறுபடி மறுபடி கீழே போட்டதுதான் முதலில் நினைவுக்கு வருகிறது. என் வீட்டுக்காரர் அதை மடியில் வைத்து, அலகில் வழிந்த நுரையைத் துண்டால் துடைத்தார். இன்னும் இரண்டு மயில்கள் கம்பெனி மதிலடியில் ஏற்கெனவே அடங்கிக் கிடந்தன.

ஒரகடம் பக்கம், கம்பெனிகளுக்கு நடுவே எங்களுக்கு மிஞ்சியது அரை ஏக்கர். அந்த ஆடியில் வேர்க்கடலை விதைத்தோம். பூச்சிமருந்து பிசறிய விதை இரண்டு படி மீந்துவிட்டது. "பொதைச்சிடு, யாரும் தொடக் கூடாது" என்று சொல்லிவிட்டுத்தான் அவர் வெளியே போனார். மறுநாள் ஆடிக் கிருத்திகை. முருகன் வாகனத்துக்கு ஒரு பிடி இறைக்காமல் நான் பச்சைத் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. நல்ல கடலையை மண்ணில் புதைக்க மனம் வரவில்லை. மூன்று தண்ணீரில் அலசினேன். சிவப்புச் சாயம் போனதும் மருந்தும் போயிற்று என்று நினைத்தேன். பருப்புக்குள் ஊறிய விஷம் கழுவினால் போகாது என்று எனக்குத் தெரியாது. வேண்டிக்கொண்டு இறைத்தேன்.

வனத்துறைக்காரர் வந்து "யாருய்யா போட்டது?" என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் இவர், "நான்தான் சார். வெதைய நோண்டித் துன்னுதுங்கன்னு போட்டேன்" என்றார். ஜீப்பில் ஏறும்போது என்னிடம், "வெரதத்த முடிச்சிட்டு சாப்புடு" என்று மட்டும் சொன்னார்.

ஜாமீனில் வந்த பிறகு படப்பை டீக்கடையில் அவருக்குப் பெயரே மாறிவிட்டது. "இன்னா மயில்கறி, இன்னிக்கு கொக்கா, கோழியா?" என்பார்கள். அவரும் சிரித்துக்கொண்டே டீயைக் குடித்துவிட்டு வருவார். கம்பெனி லைனில் வேலை செய்யும் எங்கள் மகன் சிரிக்கவில்லை. "வாயில்லாத ஜீவனுக்கு வெசம் வெச்சிட்டு நெத்தியில பட்டை இன்னாத்துக்கு நைனா?" என்று கேட்டான். அன்றிலிருந்து அவர் விபூதி பூசவில்லை. நான் பூசினேன். கோவிலுக்கும் போனேன். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று நான்கு ஆடி கழிந்தது. ஐந்தாவதற்கு அவர் இல்லை.

முதல் திதியன்று, படையல் முடிந்ததும் மகனை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"நைனா உசுரோட கீறப்பவே சொல்லக் கூடாதாம்மா," என்றான். "அவரு கால்ல வுழுந்திருப்பேனே."