கடைசி நிரையை யார் பார்த்தார்கள்?

குமுளி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கும் டீக்கடையின் முன்பக்கத்தில், சாரல் உள்ளே அடிக்காமலிருக்க ஒரு பழைய ஃபிளெக்ஸைக் கட்டியிருந்தார்கள். அதில் ஒரு பெண்ணின் முகம் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. கட்டியவருக்குச் சாரலைத் தடுத்தால் போதும், முகம் எந்தப் பக்கம் இருந்தால் என்ன! நான் வேலை பார்க்கும் ஏலக்காய்க் கடை நேர் எதிரே. கல்லாவில் உட்கார்ந்து நிமிர்ந்தால் அந்த முகம்தான். எழுத்தெல்லாம் வெளுத்துப்போனாலும் என்ன எழுதியிருந்தது என்பது எனக்கு மனப்பாடம், ஏனென்றால் எழுதிக் கொடுத்தவளே நான்தான். 'எங்கள் தனிக்கவனத்தால் விளைந்த வெற்றி.' தனிக்கவனமாம்! இன்றைக்கு நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

இந்தக் கடைக்கு வரும் முன் நான்கு வருஷம் ஒரு நுழைவுத்தேர்வுப் பயிற்சி மையத்தில் ஆபீஸ் வேலை பார்த்தேன். ஞாயிறுதோறும் மாதிரித் தேர்வு நடக்கும். பிள்ளைகள் வட்டம் கறுப்பாக்கிய விடைத்தாள்களை மெஷினில் கொடுத்து, மதிப்பெண் பட்டியலை அச்சடித்துச் சுவரில் ஒட்டுவது என் பொறுப்பு. ஃபிளெக்ஸில் தொங்கும் அந்தப் பெண் ஆனைக்கரையிலிருந்து வந்தவள். மையத்தில் எல்லோரும் அவளை ஆனைக்கரைப் பிள்ளை என்றே கூப்பிட்டோம். அப்பா இல்லை. அம்மா ஏலத்தோட்டத்தில் காய் எடுப்பவர், லீவு நாட்களில் மகளும் கூடவே போய்க் காய் எடுத்திருக்கிறாள். பிளஸ் டூ முடித்து ஒருமுறை தேர்வெழுதி மருத்துவ சீட் கிடைக்காமல், ரிப்பீட்டர் பேட்சில் சேர்ந்திருந்தாள். இந்த ஒரு வருஷம் மட்டும்தான் என்று அம்மாவிடம் கெஞ்சி வாங்கிய வருஷம் அது. இன்னொன்று கேட்க அவளுக்கும் வாய் வராது, கொடுக்க அந்த அம்மாவுக்கும் முடியாது.

எழுநூற்றிருபதுக்கு முதல் தேர்வில் நானூற்றுப் பன்னிரண்டு வாங்கினாள். அடுத்தது நானூற்று ஒன்பது. அதற்கடுத்தது நானூற்றுப் பதின்மூன்று. ஆறு தேர்வு ஆகியும் அந்த எண்ணை விட்டு நகரவில்லை. அவள் படிக்காமலும் இல்லை. புத்தகத்தின் ஓரம் கிழிந்து, ஒட்டி, மறுபடி கிழிந்திருக்கும். வகுப்பில் சார் கேள்வி கேட்டால் முதலில் பதில் சொல்வது அவள்தான். திங்கட்கிழமை காலை பட்டியலுக்கு முன்னால் வந்து நின்று, தன் எண்ணைப் பார்த்துவிட்டு வகுப்புக்குப் போவாள். டைரக்டர் சார் அதற்கு ஒரு பெயர் வைத்திருந்தார்: "லெவல்." இந்தப் பிள்ளையின் லெவல் நானூற்றுச் சொச்சம், அதற்கு மேல் ஏறாது என்பார். அவள் காதில் விழும்படியேதான் சொல்வார்.

இங்கேதான் என் பங்கு வருகிறது, மறைக்க மாட்டேன். மெஷின் கொடுக்கும் பட்டியலில் மூன்று பத்திகள் உண்டு: சரி எத்தனை, தவறு எத்தனை, தொடாமல் விட்டது எத்தனை. நான் சேர்ந்த புதிதில் டைரக்டர் சார் மூன்றாவது பத்தியை எடுத்துவிடச் சொன்னார். பட்டியல் ஒரே பக்கத்தில் அடங்க வேண்டுமாம். பெற்றோர் வேறு அதைப் பார்த்தால் பாடம் முடிக்கவில்லையா என்று கேள்வி கேட்கிறார்களாம். சொன்னதும் நறுக்கிவிட்டேன். விடைத்தாளைப் பிள்ளைகளிடம் திருப்பிக் கொடுக்கும் வழக்கமும் அங்கே கிடையாது. கட்டுக்கட்டாகக் கட்டி என் மேஜைக்கடியில் போடுவேன். கால் வைத்துக்கொள்ள வசதியாக இருந்தது. ஆறு வாரம் அவள் தாளும் அங்கேதான் கிடந்தது, ஒருநாள்கூட நான் குனிந்து பார்த்ததில்லை.

ஆறாவது தேர்வுக்குப் பிறகு அவள் அம்மாவை வரச்சொன்னார்கள். சம்மதபத்திரத்தில் கையெழுத்து வாங்க. 'என் மகள் தன் சொந்த விருப்பத்தின் பேரில் பேட்சிலிருந்து விலகுகிறாள்' என்று அதில் டைப் செய்திருந்தது. அவள் நிஜத் தேர்வில் தோற்றால் இவர்கள் வெற்றி விகிதம் குறையும். தேர்வுக்கு முன்பே அவளே விலகிவிட்டால் கணக்கில் வரமாட்டாள். எப்படி யோசித்திருக்கிறார்கள் பாருங்கள்! தோட்டத்திலிருந்து நேராக வந்த அந்த அம்மா, இடுப்பில் கட்டிய சாக்கை அவிழ்த்து மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். மகள் பின்னால் நின்றாள். கையெழுத்துப் போடும் முன் மகள் எழுதிய தாளை ஒருதரம் பார்க்கிறேன் என்றார் அம்மா. இங்கிலீஷ் தெரியாதவர் என்ன பார்த்துவிடப் போகிறார் என்று டைரக்டர் சார் சிரித்தபடி என்னை எடுத்துவரச் சொன்னார். ஆறு தாளையும் மேஜையில் வரிசையாக வைத்தேன்.

அந்த அம்மா எழுத்தைப் பார்க்கவில்லை, வட்டங்களைப் பார்த்தார். ஒவ்வொரு தாளிலும் முக்கால்வாசி வரை நெருக்கமாகக் கறுப்பு. அதற்குக் கீழே மொத்தமும் வெள்ளை. விரலை அங்கே வைத்தார்.

"ஏட்டி, இந்தக் கடைசி நெரயெல்லாம் ஏன் எடுக்கல?"

அங்கே போக நேரம் பற்றவில்லை என்றாள் மகள். ஒரு கேள்வியை முடிக்காமல் அடுத்ததுக்குப் போகக் கை வராது, மனசு உறுத்தும் என்றாள். எனக்கு அப்போதுதான் விளங்கியது. நிரை என்பது செடி வரிசை; ஒன்றை முடிக்காமல் நகராதது ஏலத்தோட்டத்து வழக்கம். ஒரு செடியில் எடுக்க வேண்டிய காயை விட்டுவிட்டு அடுத்த செடிக்கு நகர்ந்தால் பின்னாலேயே வரும் கங்காணி பார்த்து ஏசுவார், திரும்ப நடக்க விடுவார். சின்ன வயதில் பழகியது தேர்வு அறைக்குள்ளும் அவள் கூடவே வந்திருக்கிறது. கஷ்டமான கேள்வி ஒன்றோடு பத்து நிமிஷம் மல்லுக்கு நின்று, கடைசியில் ஐம்பது கேள்வியைக் கண்ணால்கூடப் பார்க்காமல் தாளைக் கொடுத்திருக்கிறாள். ஆறு முறையும்.

அம்மா மகளை ஏறிட்டுப் பார்த்தார். "பச்சக் காயப் பிடுங்கிக்கிட்டா நிப்பாக? பழுத்தத எடுத்துட்டுப் போ. பச்சைய அடுத்த சுத்துல எடுக்கலாம்னு எத்தன வாட்டி சொல்லிருக்கேன்." அப்புறம் டைரக்டர் சார் பக்கம் திரும்பினார். குரலை உயர்த்தவே இல்லை. "காட்டுலயாவது கங்காணி பின்னால வந்து பாப்பாருய்யா. இங்க யாரு பாத்தா?"

அந்த அம்மா சம்மதபத்திரத்தைக் கையெழுத்துப் போடாமலே மடித்து மேஜையில் வைத்துவிட்டு, மகள் தேர்வு எழுதுவாள் என்று சொல்லி எழுந்து போனார்.

அதன் பிறகு வாராவாரம் அவள் தாளைப் பிரதி எடுத்து யாருக்கும் தெரியாமல் அவள் கையில் கொடுத்து, நான் நறுக்கிய மூன்றாவது பத்தியைப் பற்றியும் சொன்னேன். சட்டென்று ஏறிவிடவில்லை. பாதியில் விட்டுவிட்டு நகர்ந்தாலும் மனசு பழைய கேள்விக்கே திரும்பிப் போகிறது என்றாள். ஏழாவது தேர்வில் முந்நூற்றுத் தொண்ணூற்றெட்டுக்கு இறங்கினாள். டைரக்டர் சார் முகத்தில் அப்படியொரு பிரகாசம்! அவள் விடவில்லை. முதல் சுற்றில் பார்த்ததும் வருவதை மட்டும், இரண்டாம் சுற்றில் கொஞ்சம் யோசித்தால் வருவதை, கடைசிச் சுற்றில் முரட்டுக் கேள்விகளை என்று பிரித்துக்கொண்டாள். அடுத்தது நானூற்று அறுபத்தேழு. பிறகு ஐந்நூறைத் தாண்டினாள். புதிதாக ஒரு பாடமும் அவள் படிக்கவில்லை. தெரிந்ததெல்லாம் அந்த வெள்ளை வட்டங்களுக்குள்தான் கிடந்தது.

அரசு மருத்துவக் கல்லூரியில் சீட் கிடைத்தது. உடனே ஃபிளெக்ஸ். பேட்சை விட்டுத் துரத்தப் பார்த்த அதே மனிதர், ஆளுயரத்துக்கு அவள் முகத்தைப் போட்டு, ஓரத்தில் தன் படத்தையும் போட்டுக்கொண்டார். வாசகம் எழுதச் சொன்னபோது நானும் எழுதிக் கொடுத்தேன். சம்பளம் வாங்குகிற கை வேறென்ன செய்யும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். மூன்று மாதம்தான் அந்தச் சமாதானம் தாங்கியது. வேலையை விட்டேன்.

போன மாதம் அவள் லீவுக்கு வந்திருந்தாள், இப்போது மூன்றாம் வருஷம். அம்மாவுக்கு மாத்திரை வாங்கிக்கொண்டு என் கடைக்கு வந்தவள், எதிரே தொங்கிய தன் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். "மழைக்காவது ஆவுதேக்கா" என்றாள். சிரிப்பு அடங்கியதும் கேட்டாள்: "இப்ப அந்த மூணாவது பத்தியப் போடுறாங்களா?"

எனக்குத் தெரியும். பக்கத்துக் கடைக்காரர் மகன் இந்த வருஷம் அதே மையத்தில் ரிப்பீட்டர். அவனுடைய பட்டியலைப் பார்த்திருக்கிறேன். அதே ஒரு பக்கம். நான் நறுக்கிக் கொடுத்த அதே இரண்டு பத்தி.

இல்லை என்றேன். "அப்ப என் மூஞ்சி அங்க எதுக்குக்கா தொங்குது?" என்று கேட்டுவிட்டு பஸ் ஏறினாள்.

மறுநாள் மூட்டைக்குக் குறி போடும் மையை எடுத்துக்கொண்டு டீக்கடைக்குப் போனேன். ஃபிளெக்ஸை அவிழ்த்து, முகம் நேராக வரும்படி கடைக்காரரைத் திருப்பிக் கட்டவைத்தேன். அதன் கீழே பெரிதாக எழுதினேன்: 'விடைத்தாளைக் கேட்டு வாங்குங்கள். எத்தனை கேள்வியைத் தொடவே இல்லை என்று எண்ணுங்கள்.' வகுப்பு விட்டால் பிள்ளைகள் டீ குடிக்க வருவது அங்கேதான். இரண்டாம் நாளே மையத்திலிருந்து ஆள் வந்து, டைரக்டர் சார் அழிக்கச் சொன்னதாகச் சொன்னான். மூட்டை மை, அழியாது என்றேன்.